எழுத்தாளன் காசு பேசினால் என்ன குற்றம்?

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். அவருக்கு ஸ்டீபன் கிங் என்றால் ஆகாது. பேய்க்கதை எழுதுகிறார் என்பதைக்கூட மன்னித்துவிட்டார். "வாசகர்களோடு பேச உட்கார்ந்தால் அட்வான்ஸ் எவ்வளவு, பேப்பர்பேக் எவ்வளவு என்று வட்டிக்கடைக்காரர் மாதிரி பேசுகிறார் சார். எழுத்தாளன் எழுத்தைப் பற்றியல்லவா பேச வேண்டும்?" என்பது அவருடைய கட்சி. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. நேரில் வாதம் பண்ணினால் மூன்று சுற்றிலும் முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்து நாலு வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன். எண்பதுகளில் லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்த கிங் புத்தகங்களை, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தவனும்கூட. அந்தக் கதைகள் கொடுத்த பயம் இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. அவர் வாசகர்களுக்குச் சொன்ன கணக்குகள் மட்டும் அப்படியே மனதில் இருக்கின்றன. தொழில் புத்தி! எழுத்தாளன் வாசகனிடம் பேசுகிற பேச்சுகளிலேயே நாணயமானது பணப் பேச்சுதான் என்பது என் கட்சி. மற்றதில் எல்லாம் கொஞ்சம் பாவனை கலந்துவிடும்.

முதல் கணக்கு 'கேரி'. 1974ல் வந்த முதல் நாவல். அப்போது கிங் மெய்ன் மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார், சம்பளம் வருடத்துக்கு 6,400 டாலர். டபுள்டே என்ற பெரிய பதிப்பகம் நாவலை எடுத்துக்கொண்ட செய்தி தந்தியில் வந்தது. வீட்டு போனைத் துண்டித்திருந்தார்கள், பில் கட்ட வழியில்லை. அட்வான்ஸ் 2,500 டாலர். அதோடு கதை முடிந்திருந்தால் அவர் வாத்தியாராகவே ரிட்டயர் ஆகி, நம்மைப் போல நடைப்பயிற்சி போய்க்கொண்டிருப்பார். ஆனால் 1973ல், புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்பே, பேப்பர்பேக் உரிமை 4,00,000 டாலருக்கு விற்றது. கிங்குக்கு அதில் பாதி, 2,00,000. அன்று அமெரிக்காவில் அன்னையர் தினம், ஞாயிற்றுக்கிழமை. மனைவி டபிதாவுக்கு ஏதாவது பெரிதாக வாங்கித் தர வேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போனவருக்குத் திறந்திருந்தது ஒரு மருந்துக்கடை மட்டும்தான். தலைமுடி காயவைக்கிற டிரையர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் டிரையரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குக் கண் போவது மற்ற பாதியின் மேல். அந்த 2,00,000 எங்கே போயிற்று? டபுள்டேயின் பெட்டிக்கு. கெட்டி அட்டைப் பதிப்பு போட்டவருக்கு பேப்பர்பேக் வருமானத்தில் பாதி என்பது அக்கால ஒப்பந்த வழக்கம். பெயர் தெரியாத ஒருவனை நம்பி அச்சுக்கு எடுத்ததற்குக் கூலி உண்டு, மறுக்கவில்லை. பாதியா என்பதுதான் கேள்வி. அடுத்தடுத்த புத்தகங்கள் லட்சக்கணக்கில் போன பிறகும் அந்தப் பாதி குறையவில்லை. கேட்டுப் பார்த்தார், மசியவில்லை. கிளம்பிவிட்டார். அதன் பிறகு பேப்பர்பேக் போடுகிற நியூ அமெரிக்கன் லைப்ரரியிடம் முதலில் விற்றார். கெட்டி அட்டை உரிமையை அவர்கள் வைக்கிங் பதிப்பகத்துக்குக் கொடுத்தார்கள். பைப்பையே தலைகீழாகத் திருப்பிவிட்டார் என்று சொல்லலாம்.

இதையெல்லாம் வாசகன் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பேராசிரியர் கேட்பார். புத்தகத்துக்குக் காசு கொடுத்தவன் வாசகன். தன் காசு யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இல்லையா? கத்தரிக்காய் வாங்கும்போதே, விவசாயிக்கு இதில் எவ்வளவு என்று கேட்கிற காலம் இது.

அடுத்தது 'தி ஸ்டாண்ட்'. இதில் என் ஜாதிக்காரர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், கணக்குப் பிரிவு ஜாதி. 1978ல் அந்த நாவல் வந்தபோது கைப்பிரதியில் ஏறக்குறைய 400 பக்கங்களை வெட்டித்தான் அச்சிட்டார்கள். கதை தொய்கிறது என்று எந்த எடிட்டரும் சொன்னதால் அல்ல. புத்தகம் இவ்வளவு தடிமனாக இருந்தால் தயாரிப்புச் செலவு இவ்வளவு, விலை இவ்வளவு வைக்க வேண்டும், அந்த விலைக்குப் போகாது என்று கணக்குப் பிரிவு சொன்னது. கத்தியை அவர்களே பிடிக்கிறீர்களா, நான் பிடிக்கட்டுமா என்று கேட்கிற நிலை. ஆசிரியரே பிடித்தார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1990ல், வெட்டியதில் பெரும்பகுதியைச் சேர்த்து ஆயிரத்து நூறு பக்கங்களுக்கு மேல் புதுப் பதிப்பு வந்தது. அதன் முன்னுரையில் இந்த விஷயத்தை வாசகனிடம் பட்டவர்த்தனமாகச் சொன்னார். ஒரே கதையை இரண்டாம் தடவை விற்கிறோம், ஏன் என்று சொல்லிவிட வேண்டும் என்கிற மரியாதை அது. புதிய அட்டை போட்டு, 'திருத்திய பதிப்பு' என்று இரண்டு வார்த்தை போட்டு விற்றிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

நல்ல கணக்கனுக்கு எதை வெட்டக்கூடாது என்பதும் தெரியும். அது வேறு விஷயம், விடுங்கள்.

பேராசிரியருடைய இன்னொரு அம்பு: காசு பேசுகிறவன் மொழியைப் பற்றிப் பேச மாட்டான். இது உண்மைக்கு நேர் விரோதம். கிங், ஏமி டான் எல்லாரும் சேர்ந்து விளையாட்டாக ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெரும்பாலும் எழுத்தாளர்களே வாசிக்கிற குழு. சங்கீதம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் டானிடம் கிங் கேட்டார், வாசகர்கள் உன்னிடம் ஒருபோதும் கேட்காத கேள்வி எது என்று. மொழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்றார் டான். அந்தப் பதில்தான் கிங்கை 'ஆன் ரைட்டிங்' என்ற புத்தகத்தை எழுத வைத்தது, 2000ல் வந்தது. வினையுரிச்சொற்களை ஏன் வெறுக்கிறேன் என்று அதில் சொல்கிறார். பத்தி எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்கிறார். நான் மேலே சொன்ன வாத்தியார் சம்பளமும், அட்வான்ஸும், ஹேர் டிரையரும்கூட அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒரே மனிதர், ஒரே அட்டைக்குள். அவருக்கு இடையில் சுவர் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவைப்படுகிறது.

அந்தச் சுவரைக் கட்டினவர்கள் அங்கேயும் உண்டு. 2003ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை கிங்குக்கு வாழ்நாள் பங்களிப்புப் பதக்கம் கொடுத்தபோது, ஹரால்ட் ப்ளூம் என்ற பெரிய விமர்சகர், இது காலணாப் பயங்கரக் கதை எழுதுகிறவருக்குப் போகிற கௌரவமா என்று கொதித்தார். அவர் ரசனை, அவர் கருத்து. ஆனால் ஒன்று. யேல் பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருந்தவர் அவர். மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவருக்குப் பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது மிகச் சுலபம். நம் பேராசிரியருக்கும் பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. எனக்கும்தான்.

இனி எதிர்த்தரப்பு வாசகர்களுக்கு வருகிறேன். காசு கொடுத்தோம், ஆகவே ஆசிரியர் நமக்கு அடிமை என்று நினைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. 'டார்க் டவர்' வரிசையில் மூன்றாம் புத்தகம் 1991ல் ஒரு பேசும் ரயிலுக்குள் கதாபாத்திரங்களை மாட்டிவைத்து நின்றது. நான்காவது வர 1997 ஆயிற்று. இடையில் கடிதங்கள். சங்கிலியில் கட்டின கரடி பொம்மையின் படத்தை அனுப்பி, அடுத்த புத்தகத்தை உடனே விடாவிட்டால் கரடி செத்தது என்று மிரட்டினார் ஒருவர். அது வேடிக்கை, கிங்கும் ரசித்தார். புற்றுநோய் வந்த ஒரு பாட்டியும், மரண தண்டனைக் கைதி ஒருவரும், முடிவை மட்டும் சொல்லிவிடுங்கள், ரகசியம் காப்போம் என்று எழுதினார்கள். அது வேடிக்கை இல்லை. அவர்களுக்குச் சொல்ல அவரிடமே முடிவு இருக்கவில்லை, எழுதினால்தான் தெரியும் என்றார். 1991ல் ஒருவன் பேங்கர் ஊரில் அவர் வீட்டுக்குள் புகுந்து, கையில் வெடிகுண்டு இருக்கிறது என்று டபிதாவை மிரட்டினான். ரசிகை ஒருத்தி எழுத்தாளரை அடைத்து வைக்கிற 'மிசரி'யை எழுதினவர் வீட்டிலேயே இப்படி.

பணக் கேள்விக்கும் இந்தக் கட்டளைகளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். விலை, ஒப்பந்தம், பதிப்பு, ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் வாங்குகிறவன் கேட்கலாம். அடுத்து என்ன எழுது, எப்போது முடி என்று கேட்க அவனுக்குப் பாத்தியதை கிடையாது. 'டார்க் டவர்' வரிசையின் முதல் புத்தகமே முதல் வகைக்கு உதாரணம். 1982ல் டொனால்ட் கிராண்ட் என்ற சிறு பதிப்பாளர் 10,000 பிரதி மட்டும் போட்டார். அடுத்த வருடம் 'பெட் செமட்டரி'யில் ஆசிரியரின் பிற நூல்கள் பட்டியலில் அந்தப் பெயரும் வந்துவிட்டது. இது என்ன புத்தகம், எந்தக் கடையிலும் இல்லையே என்று கடிதம் மேல் கடிதம். அந்தக் கடிதங்களால்தான் இரண்டாம் அச்சும், பின்னால் எல்லாரும் வாங்கக்கூடிய பேப்பர்பேக்கும் வந்தன.

இன்னொரு வாசகர் வாஷிங்டனில் ஒரு புத்தகக்கடை ஊழியர். ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் வரும் நாவல்கள் கிங்கின் கை மாதிரி இருக்கிறதே என்று சந்தேகம். வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் சந்தை தாங்காது என்று பதிப்பாளர்கள் நினைத்த காலம், அதனால்தான் அந்தப் புனைபெயர். கடைக்காரர் நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய் காப்புரிமைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பதிவில் கிங்கின் பெயரே இருந்தது. எழுதிக் கேட்டார். கிங் கோபப்படவில்லை. கடைக்கே போன் போட்டு, சரி, இப்போது என்ன செய்யலாம் என்று அவரிடமே பேசினார். 'தின்னர்' நாவல் பாக்மன் பெயரில் 28,000 பிரதி போயிருந்தது. உண்மைப் பெயர் வெளியானதும் 2,80,000. கதையில் ஒரு வரி மாறவில்லை! புத்தகச் சந்தை எதை விற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதையும் வாசகர்களுக்குச் சொன்னது அவரேதான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு 'தி பிளான்ட்' விஷயத்தை விட்டுவிட்டால் தணிக்கை முழுமையாகாது. 2000 மார்ச்சில் 'ரைடிங் தி புல்லட்' என்ற குறுநாவலை மின்நூலாக மட்டும் விட்டார்கள், விலை இரண்டரை டாலர். முதல் நாளே 4,00,000 பிரதிக்கு மேல் இறங்கியது, சில கடைகள் இலவசமாகவும் கொடுத்தன. அந்த உற்சாகத்தில் ஜூலையில் பதிப்பாளரே இல்லாமல் தொடர்கதை ஆரம்பித்தார். இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு டாலர் போடுங்கள், பூட்டு கிடையாது. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் பணம் கட்டினால் தொடர்வேன் என்றார். நம்மூர்ப் பெட்டிக்கடையில் ஆள் இல்லாதபோது காசை டப்பாவில் போட்டுவிட்டு வாழைப்பழம் எடுப்பது போல. முதல் பகுதிக்கு எழுபத்தைந்தைத் தாண்டியது. நாலாவது பகுதிக்கு நாற்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. டிசம்பரில் ஆறாவது பகுதியோடு நிறுத்தினார். கதை இன்றுவரை முடியவில்லை.

பணம் கட்டாதவர்களைத் திட்ட எல்லாரும் தயார், நானும் திட்டுகிறேன். ஆனால் கட்டினவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பிறகு கணக்கை வெளியிட்டபோது செலவு போக 4,60,000 டாலருக்கு மேல் லாபம் நின்றது. நஷ்டத்தில் மூடின கடை இல்லை. அந்த லாபம் முழுக்க ஒழுங்காக டாலர் கட்டினவர்கள் கொடுத்தது. கட்டாதவன் செய்த குற்றத்துக்குக் கட்டினவனுக்குத் தண்டனை என்பது எந்த ஊர் நியாயம்? ஒப்பந்தப்படி அவருக்கு நிறுத்த உரிமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். உரிமை இருப்பது வேறு, முறை வேறு. முடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். நான் இன்று அவரைக் குறை சொல்ல முடிவதே அவர் கணக்கைக் காட்டியதால்தான். எத்தனை பேர் கட்டினார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு என்று எல்லாவற்றையும் வெளியே வைத்தார். மறைத்திருந்தால் பாவம், வாசகர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நாமும் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்போம்.

என் சித்தப்பா ஒருவர் இரண்டு சரித்திர நாவல் எழுதினார். பதிப்பாளர் பெயர் வேண்டாம். ராயல்டிக்குப் பதிலாக இருபத்தைந்து பிரதிகள் கொடுத்தார்கள், அது கல்யாண வீடுகளில் மொய்க்கவரோடு போயிற்று. எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். "அதையெல்லாம் கேட்டால் நன்றாக இருக்குமாடா?" என்பார். பேராசிரியர் போற்றுகிற எழுத்தாள லட்சணம் அதுதான் என்றால், அதனால் வாழ்ந்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக 2022. பெங்குவின் ராண்டம் ஹவுஸ், சைமன் அண்ட் ஷூஸ்டரை ஏறத்தாழ 220 கோடி டாலருக்கு வாங்கப் பார்த்தது. அங்கே பெரிய பதிப்பகங்கள் ஐந்து, இது நடந்தால் நாலு. அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அரசுத் தரப்பு சாட்சியாக ஆகஸ்ட் 2ஆம் தேதி வாஷிங்டன் நீதிமன்றத்தில் ஏறினவர் கிங். அவருடைய பதிப்பகமான ஸ்கிரிப்னர், விற்கப்படவிருந்த சைமன் அண்ட் ஷூஸ்டரின் கிளை. தனக்குச் செக் எழுதுகிற வீட்டுக்கு எதிராகவே சாட்சி! இணைந்த பிறகும் இரண்டு வீடும் ஏலத்தில் ஒன்றோடொன்று போட்டி போடும் என்று கம்பெனித் தரப்பு உறுதி கொடுத்திருந்தது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டை வாங்க எதிரெதிராக ஏலம் கேட்பார்கள் என்று சொல்வது மாதிரி இருக்கிறது என்றார் கிங். புதிதாக எழுத வருகிறவர்கள் எழுதிப் பிழைப்பது வரவரக் கடினமாகிறது என்றும் சொன்னார். அவருக்கு இதில் ஒரு டாலர் லாபம் கிடையாது. எழுபத்து நாலு வயது, பணம் தேவைக்கு மேல். நாற்பது வருடம் வாசகர்களிடம் பேசிப் பேசிப் பழகின அதே பேச்சைத்தான் கூண்டில் நின்றும் பேசினார். காசு பேச வெட்கப்படுகிற எழுத்தாளர் அங்கே நின்றிருந்தால் வக்கீல் என்ன கேட்டிருப்பார், இவர் என்ன சொல்லியிருப்பார்?

அக்டோபர் 31ஆம் தேதி நீதிபதி ஃப்ளோரன்ஸ் பான் இணைப்பைத் தடுத்துத் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருடம் சைமன் அண்ட் ஷூஸ்டர் வேறொரு முதலீட்டு நிறுவனத்துக்கு விலை போயிற்று. அது நல்லதா கெட்டதா என்பது தனிப் பதிவு. சாட்சி சொல்லிச் சரியாக ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது, தீர்ப்பும் வந்திருக்கவில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி கிங்கின் 'ஃபேரி டேல்' நாவல் வெளிவந்தது. ஸ்கிரிப்னர் வெளியீடு.